பாடத் தெரியுமா தம்பி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கபடிப் பதிவு. போன தடவை ஜிஎஸ்டி பற்றி எழுதியதற்கே "மச்சான் தூக்கம் வருது"ன்னு கிளாஸில் பாதிப்பேர் கலாய்த்தார்கள். இதற்கும் தூக்கம் வந்தால் நான் பொறுப்பில்லை :-)

விஷயம் இதுதான். நம் பக்கத்துக் கல்லூரிகள் கபடி அணிக்கு ஆள் எடுக்கும் முறை சுத்த அபத்தம். முப்பது ரைடரை வரிசையில் நிற்கவைத்து, அதில் பன்னிரண்டு பேரைப் பொறுக்கிக்கொண்டு, "டீம் ரெடி" என்று போர்டு வைப்பதற்குப் பெயர் அணித் தேர்வு இல்லை. அதன்பிறகு ஜோனல் மேட்சில் முப்பது பாயிண்ட் எடுத்தும் தோற்றுவிட்டு அம்பயரைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறி வருகிறோம். முப்பது எடுத்தவன் எப்படித் தோற்பான்? நாற்பது கொடுத்திருப்பான்! இந்தக் கணக்கு பி.காம். படிக்கிற எனக்கே தெரிகிறது.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒருத்தன். எங்கள் தெருதான். பெயர் போட்டால் வீட்டுக்கு வந்து அடிப்பான். ப்ளஸ் டூ வரை ஒரே பெஞ்ச். அவன் அப்பா அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். பையன் லெஃப்ட் கவர், எடை 78 கிலோ. குடவாசலைச் சுற்றி தை, மாசியில் நடக்கிற டோர்னமென்ட்டுகளில் அவன் பிடியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சம்பா அறுத்து முடிந்த வயலைச் சமன் பண்ணி, மரத்தூள் போட்டு, ட்யூப்லைட் கட்டி விடிய விடிய ஆடுவார்களே, அந்த மேட்சுகளைச் சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு எல்லோரும் சோர்ந்து கிடக்கும்போது இவன் மட்டும் குனிந்த இடுப்பு நிமிராமல் நிற்பான்.

ப்ளஸ் டூ முடித்ததும் ஒரு தனியார் கல்லூரியில் கபடி செலக்‌ஷன் என்று கேள்விப்பட்டு முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனோம். துணைக்கு நான், கையில் இட்லிப் பொட்டலம். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். எடுத்துவிட்டால் ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ. அவன் வீட்டு நிலைமைக்கு டிகிரி என்றால் அந்த ஒரு வழிதான்.

தொண்ணூறு பையன்கள் இருந்திருப்பார்கள். விளையாட்டு சார் மேட் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருத்தனாக மூன்று ரைடு போகவேண்டும். எதிரே நிற்கிற ஏழு பேரும் அப்போதுதான் ஒருவரை ஒருவர் பார்க்கிறவர்கள். இவன் முறை வந்தது.

"தம்பி, எத்தனை பாயிண்ட் எடுப்ப?"

"சார், நான் பிடிக்கிறவன் சார். லெஃப்ட் கவர்."

"பிடிக்கிறதுக்கு எங்ககிட்ட ஆள் இருக்குப்பா. பாடத் தெரியுமா தம்பி?"

போனான். மூன்று ரைடிலும் கையைக்கூட தொடவில்லை. சைடில் உட்காரச் சொன்னார்கள். மதியம் வரை உட்கார்ந்திருந்தோம், பெயர் கூப்பிடவில்லை. பொட்டலத்தை பஸ் ஸ்டாண்டில் பிரித்தோம், சட்னி ஊசிப்போயிருந்தது.

அந்த சார் கெட்டவர் இல்லை. நல்லவிதமாகத்தான் பேசினார். ஆனால் தொண்ணூறு பேரை அரை நாளில் வடிகட்ட அவர் கையில் இருந்த சல்லடை ஒன்றே ஒன்று, ரைடு. என் சண்டை அந்தச் சல்லடையோடுதான்.

கபடியில் ஒரு ரைடுக்கு 30 விநாடி. இருபது நிமிஷம் வீதம் இரண்டு பாதி. நிற்காமல் ஓடினால் சுமார் 80 ரைடு, அதில் பாதி எதிராளியுடையது. அதாவது ஆட்டத்தின் சரிபாதி நேரம் நீங்கள் பிடிக்கிற இடத்தில்தான் நிற்கிறீர்கள். ஒரு வெற்றிகரமான பிடி என்ன செய்கிறது? உங்களுக்கு ஒரு பாயிண்ட். வெளியே உட்கார்ந்திருக்கிற உங்கள் ஆள் ஒருவன் உள்ளே வருகிறான். எதிராளியின் ரைடர், பெரும்பாலும் அவர்களுடைய ஆகச்சிறந்த ஆட்டக்காரன், வெளியே போய் உட்காருகிறான். மேட்டில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு பாயிண்ட். எங்கள் அக்கவுன்டன்சி மேடம் முதல் வருஷமே சொன்னதுதான், செலவைக் குறைத்தாலும் லாபம் கூடும். நம் கோச்சுகள் விற்பனையை மட்டும் பார்த்துக் கம்பெனி நடத்துகிறார்கள்.

பிடி என்பது தனி ஆள் வேலையும் கிடையாது. டிவியில் பார்த்தால் கார்னர்காரன் கணுக்காலைப் பிடித்ததும் ரைடர் விழுந்த மாதிரித் தெரியும். ஸ்லோமோஷனில் பாருங்கள். கணுக்கால் பிடி பட்டதும் ரைடர் கோட்டை நோக்கிப் பாய்வான், காலோடு கார்னரையும் இழுத்துக்கொண்டு போவான். அந்த அரை விநாடியில் பக்கத்தில் நிற்கிற கவர் மார்போடு மோதி அவனைத் தடுக்கவேண்டும், இல்லை இடுப்பைக் கட்டவேண்டும். கார்னர் கை நீட்டுவதற்கு முன்பே கவர் நகர்ந்தால் ரைடர் உஷாராகி விலகிவிடுவான். லேட்டாக நகர்ந்தால் கார்னரும் அவுட், தொட்டதற்கு கவரும் அவுட், எதிராளிக்கு இரண்டு பாயிண்ட். ஆக கவரில் நிற்கிறவனின் பெரிய திறமை எப்போது போகக்கூடாது என்று தெரிந்திருப்பது. பத்து ரைடில் ஏழு தடவை அவன் சும்மா நின்றிருப்பான். அந்தச் சும்மா நிற்பதுதான் ஆட்டம். அதை மூன்று ரைடு போகச்சொல்லி எப்படி சார் கண்டுபிடிப்பீர்கள்?

அதோடு, இவன் பிடிப்பது பக்கத்துத் தெருப் பையனோடு சேர்ந்து. அந்த லெஃப்ட் கார்னருக்கும் இவனுக்கும் எட்டாம் வகுப்பிலிருந்து பழக்கம். தோள் அசைந்தால் போதும், இவனுக்குப் புரிந்துவிடும். முன்பின் தெரியாத ஆறு பேரோடு நிறுத்தினால் ஃபசல் அட்ராச்சலியே தடுமாறுவார்.

ஃபசல் பெயர் வந்துவிட்டது, அவரைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. ஈரான்காரர், லெஃப்ட் கார்னர், கபடிக்கு வருவதற்கு முன் மல்யுத்தம். 2018 ப்ரோ கபடி ஏலத்தில் முதலில் ஒரு கோடியைத் தொட்டது எந்த ரைடரும் இல்லை, இந்த மனுஷன்தான். யு மும்பா எடுத்தது. அதற்கப்புறம் அதே ஏலத்தில் மோனு கோயத் ஒன்றரைக் கோடியைத் தாண்டினார் என்பது வேறு விஷயம். 2014-ல் ப்ரோ கபடி ஆரம்பித்தபோது மிக அதிக விலைக்குப் போன ராகேஷ் குமாருக்கே 12.80 லட்சம்தான். 2023-ல் பவன் செராவத்தை தெலுங்கு டைட்டன்ஸ் 2.60 கோடிக்கு மேல் கொடுத்து எடுத்தபோது, பிடியில் பேர்வாங்கிய ஷாட்லூயியை புனேரி பல்டன் 2.35 கோடிக்கு எடுத்தது. இடைவெளி எவ்வளவு குறைந்துவிட்டது பாருங்கள். காசு போடுகிறவனுக்குப் பிடியின் விலை புரிந்துவிட்டது. ஃப்ரீ சீட் கொடுக்கிற நம் கல்லூரிகளுக்கு இன்னும் புரியவில்லை.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 1990 பெய்ஜிங்கில் கபடி சேர்க்கப்பட்டதிலிருந்து 2014 வரை ஏழு தடவையும் ஆண்கள் தங்கம் இந்தியாவுக்கே. எட்டாவது தடவை அரையிறுதியில் ஈரானிடம் 27-18. பதினெட்டு! அஜய் தாக்கூர், பர்தீப் நர்வால் என்று ஊரே கொண்டாடிய ரைடர்கள் இருந்த அணி நாற்பது நிமிஷத்தில் எடுத்தது பதினெட்டு. ஈரான்காரர்கள் நம்மைப் பாடி ஜெயிக்கவில்லை, பிடித்து ஜெயித்தார்கள். அன்றைக்கு இங்கே டீக்கடையில் என்ன பேசினார்கள் தெரியுமா? "அஜய் தாக்கூருக்கு அடிபட்டுடுச்சு, அதான்." சரிதான், அடிபட்டது. நம்முடைய பிடி எங்கே போச்சு என்று ஒருத்தர்கூட கேட்கவில்லை.

வெளிநாட்டுக்காரனை ஏன் புகழ்கிறாய் என்று கிளம்புகிறவர்களுக்கு நம்ம தஞ்சை மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன். ரைட் கார்னர். 1975-ல் பிறந்தவர். 2016-ல் பாட்னா பைரேட்ஸ் கேப்டனாக ஃபைனலில் ஜெய்ப்பூரை 37-29 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியபோது வயது 41. அந்த வயதில் எந்த ரைடராவது கேப்டனாக நின்று ஜெயித்திருந்தால் படமே எடுத்திருப்போம். நம் சினிமாவுக்கும் கடைசி ரைடு இல்லாமல் கபடி கிடையாது. கில்லி (2004), வெண்ணிலா கபடிக்குழு (2009)... ஹீரோ பாடிக்கொண்டே போவார், எதிரே ஏழு தடியன்கள் நிற்பார்கள். அந்த ஏழு தடியன்களும் ஆட்டக்காரர்கள்தானே! ஒரு படத்திலாவது ஹீரோவை கவரில் நிறுத்துங்களேன்.

இந்த வியாதி நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் பற்றி (நம் ஃபுட்பால் இல்லை, ஹெல்மெட் போட்டு முட்டிக்கொள்வார்களே அது) நான் படிக்க ஆரம்பித்ததே "தி ப்ளைண்ட் சைடு" படம் பார்த்துத்தான். அதில் அஃபென்சிவ் லைன் என்று ஐந்து பேர். நடுவில் சென்டர், இரண்டு கார்ட், இரண்டு டேக்கிள். நூற்று முப்பது கிலோவுக்கு மேல் இருக்கிற இந்த மலைகளின் வேலை, பந்து வீசுகிற குவார்ட்டர்பேக் மேல் எதிராளி விழாமல் மறிப்பது. சென்டர் பந்தை எடுத்துக் கொடுப்பதோடு சரி, மற்ற நாலு பேர் மேட்ச் முழுக்கப் பந்தைத் தொடாமலே வீட்டுக்குப் போகலாம். 1935-லிருந்து ஹைஸ்மன் டிராஃபி என்று சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குக் கொடுக்கிறார்கள். இந்த ஐந்து இடங்களில் ஆடிய ஒருவருக்கும் இன்றுவரை கிடைத்ததில்லை. 1973-ல் ஜான் ஹிக்ஸ் இரண்டாவது வந்ததுதான் உச்சம். நம் லெஃப்ட் கவரின் அமெரிக்கப் பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஆள் தேடுவதில் அவர்கள் நம்மைப் போல இல்லை. 1985 நவம்பர் 18 அன்று லாரன்ஸ் டெய்லர் பாய்ந்து விழுந்ததில் ஜோ தைஸ்மன் என்ற குவார்ட்டர்பேக்கின் கால் முறிந்தது, அதோடு அவர் ஆட்டமும் முடிந்தது. டிவியில் நாடே பார்த்தது. வலதுகை வீச்சாளனின் கண்படாத இடதுபக்கத்தைக் காக்கிற லெஃப்ட் டேக்கிளுக்கு மவுசு ஏறிய கதையை மைக்கேல் லூயிஸ் 2006-ல் எழுதிய புத்தகம் இந்தச் சம்பவத்திலிருந்துதான் தொடங்குகிறது. 1993-ல் ஆட்டக்காரர்கள் அணி மாறிக்கொள்ளும் சுதந்திரம் வந்ததும் அந்த இடத்துக்கு விலை எகிறியது. (படத்தில் வந்த மைக்கேல் ஓஹர் 2023-ல் அந்தக் குடும்பத்தின் மீதே கோர்ட்டுக்குப் போனார். நல்லவர்கள் கதை என்று நம்பி அழுத நான் ஒரு மடையன். அதைத் தனிப்பதிவாக எழுதவேண்டும்.)

அங்கே லைனுக்கு ஆள் தேடும் கோச் பையன் எத்தனை பாயிண்ட் எடுத்தான் என்று கேட்க முடியாது, ஏனென்றால் அந்த இடத்துக்குப் பாயிண்ட்டே கிடையாது. அதனால் வேறு எதையாவது பார்த்தே ஆகவேண்டும். கால் எப்படி நகர்கிறது, இடுப்பு எவ்வளவு தாழ்கிறது, மல்யுத்தத்தில் என்ன செய்கிறான். அயோவா பல்கலைக்கழகத்தில் ஆடி 2020-ல் 13-வது ஆளாக என்எஃப்எல்லுக்குத் தேர்வான ட்ரிஸ்டன் விர்ஃப்ஸ் பள்ளியில் மல்யுத்தக்காரர். ஃபசலும் மல்யுத்தக்காரர் என்று மேலே சொன்னேன், கவனித்தீர்களா? எடுத்த பையனை முதல் வருஷம் இறக்காமல் வைத்து, சாப்பாடு போட்டு, உடம்பை ஏற்றி, வேலை கற்றுக்கொடுக்கும் வழக்கமும் அங்கே உண்டு. ரெட்ஷர்ட் என்று பெயர். 2015-லிருந்து ஜோ மூர் விருது என்று ஒன்று கொடுக்கிறார்கள், தனி ஆளுக்கு இல்லை, லைன் மொத்தத்துக்கும். முதல் வருஷம் அலபாமா வாங்கியது. நம் டோர்னமென்ட்டுகளில் பெஸ்ட் ரைடருக்கு டேபிள் ஃபேன், பெஸ்ட் கேட்சருக்கு எவர்சில்வர் குடம். கவர்-கார்னர் ஜோடிக்கு என்று ஒரு பரிசு நான் பார்த்ததே இல்லை.

"அங்கே நாலஞ்சு வருஷம் வெச்சுப் பழக்குறான், நமக்கு டிகிரியே மூணு வருஷம்" என்று சொல்வீர்கள். நியாயம்தான். ஆனால் அதனால்தான் சொல்கிறேன், பழகிய ஜோடியாக எடுங்கள்! லெஃப்ட் கார்னரையும் லெஃப்ட் கவரையும் ஒரே ஊரிலிருந்து சேர்த்து எடுத்தால் பழக்கவேண்டிய வேலையே பாதி முடிந்தது. அரை நாள் ட்ரையலுக்குப் பதில் தை மாசத்தில் நாலு ராத்திரி நம் பக்கம் வந்து கட்டில் போட்டு உட்கார்ந்து பாருங்கள். வடுவூர் இங்கேதான் மன்னார்குடிப் பக்கம் இருக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கின கபடி அணியில் இருந்த அபினேஷின் ஊர். அந்த மண்ணில் பிடிக்கத் தெரிந்தவன் கிடைக்கவில்லை என்றால் தேடுகிற கண்ணில்தான் கோளாறு.

இதில் எடைப் பஞ்சாயத்து வேறு. சீனியர் ஆண்களுக்கு 85 கிலோ வரை, பெண்களுக்கு 75 என்று விதி. ஊர் டோர்னமென்ட்டுகளிலோ 55 கிலோ, 65 கிலோ என்று நோட்டீஸ் அடிப்பார்கள். பாதி மேட்ச் இப்படித்தான். ரைடருக்கு இது வசதி. கவரில் நிற்கிறவனுக்கு உடம்பு வேண்டும், உடம்பு வந்தால் எடை வரும், எடை வந்தால் பாதி டோர்னமென்ட் கிடையாது. இரண்டு கிலோ குறைக்க முதல்நாள் சோறு தண்ணி இல்லாமல், வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடுகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தன் எடை பார்க்கும் இடத்திலேயே மயங்கி விழுந்தான். என் நண்பன் 78 கிலோ, அதனால் ஓபன் மேட்ச் மட்டும்தான். ஆடுகிற மேட்ச் குறைவு, கண்ணில் படுவது குறைவு, மாவட்ட அணிக்குக் கூப்பிடுவது குறைவு. கடைசியில் காட்ட சர்டிபிகேட் இல்லை. அரசு கலைக்கல்லூரிகளில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு முதல்நாளே தனி கவுன்சிலிங் நடக்கிறது, நல்ல விஷயம். ஆனால் அங்கேயும் பேசுவது சர்டிபிகேட்தான். சர்டிபிகேட்டுக்குப் பின்னால் இருக்கிற மாவட்ட செலக்‌ஷனும் இதே சல்லடை. மேலே என்ன ஊற்றினாலும் கீழே ரைடர்தான் விழுவான்.

இன்னொரு வாதமும் கேட்டிருக்கிறேன். "பிடிக்கிறவனை யாரும் உருவாக்கிக்கலாம், ரைடர்தான் பிறக்கணும்." இதைச் சொன்னது எங்கள் அணியில் ஆடுகிற சீனியர் அண்ணன் ஒருவர், ரைடர் என்று தனியாகச் சொல்லவேண்டுமா என்ன. சரிண்ணா, அப்படியே வைத்துக்கொள்வோம். உருவாக்கினீர்களா? ரைடராக எடுத்த பன்னிரண்டு பேரில் பாடத் தெம்பில்லாத நாலு பேரை "நீ கவர்ல நில்லு" என்று தள்ளினீர்கள். அவனுக்கு அது தண்டனை. மனசெல்லாம் எப்போது பாடப்போவோம் என்று இருக்கும். ரைடர் கை நீட்டினாலே முந்திக்கொண்டு பாய்வான், ஏனென்றால் ரைடர் புத்தி பாயச்சொல்லும். ப்ரோ கபடியில் பர்தீப் நர்வால் எடுத்த ரைடு பாயிண்ட் 1,800. பிடியில் முதன்முதலாக 500-ஐத் தாண்டியது ஃபசல். பிடி அவ்வளவு சுலபமாக உருவாகிற சாமான் என்றால் இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இத்தனை தூரம் ஏன்?

என் நண்பன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங். டிகிரி இல்லை. பொங்கலுக்கு நாலு நாள் லீவில் வந்தான், வந்த அன்றைக்கே ஷார்ட்ஸோடு கிளம்பிவிட்டான். கால் இறுதியில் எங்கள் ஊருக்கு எதிராக ஆடியது ஒரு கல்லூரிப் பையன்கள் அணி, ஆமாம், அதே கல்லூரி. இவனைத் தாண்டி அந்தப் பக்கத்தில் ஒரு பாயிண்ட்தான் எடுத்தார்கள். மேட்ச் முடிந்து கை கொடுக்க வந்த அவர்கள் கேப்டன் இவனிடம், "அண்ணே, எந்தக் காலேஜ்ல ஆடுறீங்க?" என்று கேட்டான்.

டிஸ்கி: ரைடர் நண்பர்கள் கோபிக்க வேண்டாம், உங்களை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பதிவு கண்டிப்பாக காஸ்ட் அக்கவுன்டிங் செமஸ்டர் நோட்ஸ், கேட்டவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.